வெண்துகிலும் முகமும்: இராமலிங்க அடிகளின் உருவப்படச் சான்றுகளும் உலர் ஊடகக் கோட்டோவியமும்

ஆய்வுச்சுருக்கம்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து, வடலூரில் சத்திய தருமச்சாலையையும் சத்திய ஞானசபையையும் நிறுவியவர் இராமலிங்க அடிகள். அவர் வாழ்ந்த காலத்தில் சென்னை மாகாணத்தில் ஒளிப்படக்கலை வேரூன்றியிருந்தது. ஆயினும் அவருடையது என்று ஐயமின்றி ஏற்கத்தக்க ஒளிப்படம் வழக்கில் இல்லை. இன்று இல்லங்களிலும் சன்மார்க்க சங்கங்களிலும் காணப்படும் அவருடைய படங்கள் ஓவியர் கையால் உருவானவை. அடிகள் தம்மைப் பற்றிப் பாடிய செய்தி, அவருடைய மாணவர் 1882இல் அளித்த வாக்குமூலம், ஒளிப்படம் எடுக்க முயன்றது பற்றிய மரபுச் செய்தி ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. பரவலாக வழங்கும் படம் இவற்றுள் எதை ஏற்றது, எதை விட்டது என்பதை ஆராய்கிறது. விடுபட்ட கூறுகளைத் தாளில் மீட்டெடுப்பதற்குக் கரி, காரீயக்கோல், கான்டே, பாஸ்டல் முதலிய உலர் ஊடகங்கள் எவ்வகையில் பொருந்துகின்றன என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இராமலிங்க அடிகள், உருவப்படம், உலர் ஊடகம், கோட்டோவியம், வடலூர், சிதம்பரம், தொழுவூர் வேலாயுத முதலியார்

முன்னுரை

உருவப்படம் என்பது ஒருவரின் முகத்தைப் பிறர் அடையாளம் காணுமாறு வரைவது. வரையப்படுபவர் எதிரே அமர்ந்திருந்தால் ஓவியர் கண்ணால் கண்டு வரைவார். அவர் மறைந்திருந்தால் ஒளிப்படத்தைப் பார்த்து வரைவார். இன்றைய உருவப்படக் கோட்டோவியங்களுள் மிகுதியானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒளிப்படத்தைக் கட்டம் பிரித்துத் தாளில் பெயர்த்து, கரியாலும் காரீயக்கோலாலும் நிழல் ஏற்றி முடிப்பது கலைக்கல்லூரி மாணவர் முதல் கடைத்தெரு ஓவியர் வரை அனைவரும் அறிந்த முறை. நேரில் அமர்ந்தவரும் இல்லை, ஒளிப்படமும் இல்லை என்னும் நிலையில், ஓவியர் எதைச் சான்றாகக் கொள்வார்?

இராமலிங்க அடிகளின் படத்தைப் பொறுத்தவரை இக்கேள்வி தனித்த முக்கியத்துவம் உடையது. 1823 அக்டோபர் 5ஆம் நாள் பிறந்த அடிகள், இளமையைச் சென்னையில் கழித்தார். 1858 அளவில் தென்னார்க்காட்டுப் பகுதிக்குத் திரும்பிச் சிதம்பரத்தை வழிபட்டுக் கருங்குழியில் தங்கினார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தையும், 1867 மே 23ஆம் நாள் வடலூரில் தருமச்சாலையையும் தொடங்கினார். 1872 சனவரி 25ஆம் நாள் ஞானசபையில் முதல் சோதி வழிபாடு நிகழ்ந்தது. 1874 சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தின் அறைக்குள் சென்றவர் மீண்டும் காணப்படவில்லை. அவர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டதையும், அதன்பின் எவராலும் காணப்படாததையும் தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றிய ஆங்கில அரசின் விவரச்சுவடியும் குறித்துவைத்தது. அரசின் ஏடு அவருடைய மறைவைப் பதிவுசெய்தது. முகத்தை எவரும் பதிவுசெய்யவில்லை.

தமிழ்நாடு அரசு அவர் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கிறது. இந்திய அஞ்சல்துறை 2007இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவருடைய 200ஆவது பிறந்த ஆண்டு விழாக்களில் அவர் உருவம் பதாகைகளிலும் மலர்களிலும் பெருமளவில் அச்சிடப்பட்டது. இவ்வளவு பரவிய ஓர் உருவம் எச்சான்றின் மேல் நிற்கிறது என்று கேட்பது கலை வரலாற்றின் கடமை.

சிதம்பரத்தில் பெயரும் அடையாளமும்

முக ஒப்புமையையே உருவப்படத்தின் உயிராகக் கருதுவது எல்லாக் காலத்திற்கும் பொதுவான கருத்தன்று. சிதம்பரம் கோயிலே இதற்குச் சான்று தருகிறது. வடக்குக் கோபுரத்தின் மாடமொன்றில் கிருஷ்ணதேவராயரின் உருவம் உள்ளது. அதே கோபுரத்தில் கட்டுமானப் பணியில் ஈடுபட்ட சிற்பாசாரியர்களின் உருவங்களும் பெயர்ப் பொறிப்புடன் இடம்பெற்றுள்ளன. அரசரை அவருடைய கோலத்தாலும் கூப்பிய கையாலும் அறிகிறோம். சிற்பியரை அளவுகோலாலும் பெயர்ப் பொறிப்பாலும் அறிகிறோம். கல்லிலுள்ள மூக்கும் உதடும் உண்மையான மனிதருடையவையா என்று எவரும் சோதிப்பதில்லை. பெயரும் தொழிற்கருவியும் நிற்கும் நிலையும் சேர்ந்து ஒருவரை இன்னார் என்று காட்டிவிடுகின்றன.

இம்மரபில் உருவப்படத்தின் வேலை நினைவூட்டுவது. 19ஆம் நூற்றாண்டில் ஒளிப்படம் வந்தபின் இவ்வேலையோடு மற்றொன்றும் சேர்ந்தது. ஒருவர் இப்படித்தான் இருந்தார் என்று சாட்சி சொல்வதே அது. அதன்பின் வரையப்பட்ட படங்களையும் பார்வையாளர் ஒளிப்படத்தின் கண்கொண்டே பார்க்கத் தொடங்கினர். அடிகளின் படம் இவ்விரு காலங்களின் எல்லையில் நிற்கிறது. அது பழைய முறையில் அடையாளங்களால் உருவானது. ஆனால் புதிய முறையில், சாட்சியாகப் படிக்கப்படுகிறது. இந்தப் பொருந்தாமையே இக்கட்டுரை ஆராயும் சிக்கலின் வேர்.

கண்ணாடித் தகட்டில் பதியாத முகம்

1839இல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட ஒளிப்படக்கலை விரைவிலேயே இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் ஓவியப்பள்ளியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1856இல் ஒளிப்படச் சங்கம் ஒன்று அமைந்தது. லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களைப் படம்பிடித்தார். அடிகள் சென்னையை விட்டுப் புறப்பட்ட காலமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே அவருக்கு ஒளிப்படம் இல்லாமைக்குக் கருவி இல்லாமை காரணமன்று.

அடிகளின் வரலாற்று நூல்கள் இதுபற்றி ஒரு செய்தியைத் தருகின்றன. சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்ட மாசிலாமணி முதலியார் என்னும் ஒளிப்படக் கலைஞர் அடிகளை எட்டு முறை படம்பிடிக்க முயன்றார் என்றும், ஒவ்வொரு முறையும் வெள்ளை ஆடை மட்டுமே பதிந்து திருமேனி பதியவில்லை என்றும் அச்செய்தி கூறுகிறது. அன்பர்கள் இதை ஒளியுடம்பு பெற்றதன் அடையாளமாகப் போற்றுகின்றனர். பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் அடிகளின் உருவத்தை மண்ணால் செய்துகொண்டுவந்தபோது, பொன்னாக வேண்டிய மேனி மண்ணாயிற்றே என்னும் கருத்துப்பட வருந்தி அதைக் கீழே விட்டு உடைத்தார் என்பது இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றொரு செய்தி.

முதற்செய்தியை அக்கால ஒளிப்பட முறையோடு வைத்துப் பார்ப்பது பயனுடையது. 1851இல் அறிமுகமாகிப் பல ஆண்டுகள் வழக்கிலிருந்தது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம்பிடித்து, உடனே உருத்துலக்க வேண்டும். இத்தகடு நீல ஒளியையும் புற ஊதா ஒளியையும் மட்டுமே நன்கு உணரும். சிவப்பையும் மஞ்சளையும் மிகக் குறைவாகவே உணரும். ஆதலால் மாநிறத் தோல் உள்ளதைவிடக் கருமையாகவும், வெண்துணி உள்ளதைவிடப் பளிச்சென்றும் பதிவது இம்முறையின் இயல்பு. தலை முதல் கால் வரை வெள்ளாடை போர்த்திய ஒருவரை வெயிலில் நிறுத்தி, துணியின் ஒளியைக் கணக்கிட்டுப் படம்பிடித்தால், துணி தெளிவாகவும் முக்காட்டின் நிழலிலுள்ள முகம் இருளாகவும் விழுவது இயலக்கூடியதே. அசைவும் சேர்ந்தால் முக உறுப்புகள் மேலும் மங்கும்.

இவ்விளக்கம் மரபுச் செய்தியை மறுக்கும் நோக்கம் உடையதன்று. நம்பிக்கையின் பொருளை வேதியியல் தீர்மானிக்க இயலாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். துணி பதிந்தது, முகம் பதியவில்லை என்று செய்தி வகுத்துக் கூறுகிறது. தகடு முழுவதும் வெறுமையாக இருந்தது என்று அது கூறவில்லை. அடிகளின் உருவ வரலாற்றில் துணியே முதற்சான்றாகவும் முகம் விடுபட்ட இடமாகவும் அமைந்தது இச்செய்தியிலிருந்தே தொடங்குகிறது.

அடிகள் தம்மை வரைந்த விதம்

இரண்டாம் சான்று அடிகளின் பாடலிலேயே உள்ளது. ஆறாம் திருமுறையில் அமைந்த பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் பகுதியில் அடிகள் தம் அச்சங்களையும் நாணங்களையும் இறைவனிடம் நிரல்படச் சொல்கிறார். கைகளை வீசி நடக்க நாணிக் கைகளைக் கட்டிக்கொண்டே நடந்ததையும், உடலைப் பிறர் காணக் காட்ட அஞ்சி வெண்துகிலால் மறைத்ததையும் அங்கே குறிப்பிடுகிறார். பிறர் பசியையும் பிணியையும் துன்பத்தையும் கண்டு தாம் நடுங்கியதைச் சொல்லும் பாடல்களும் இதே விண்ணப்பத்தில் உள்ளன.

ஓவியருக்கு இப்பகுதி மிக அரியது. கட்டிய கைகளும் மேனி முழுவதும் போர்த்திய வெள்ளாடையும் பிற்காலத்தார் கற்பனையில் தோன்றியவை அல்ல என்பது இதனால் உறுதியாகிறது. மேலும் அந்த வெண்துகில் எதற்காக என்பதும் தெரிகிறது. துறவியின் பெருமையைக் காட்டும் சீருடையாக அடிகள் அதைச் சொல்லவில்லை. அச்சத்தாலும் நாணத்தாலும் அணிந்ததாகவே சொல்கிறார். துணி இங்கே ஒரு மனநிலை. அதை அழகிய மடிப்புகளோடு மட்டும் வரைந்தால் அதன் காரணம் படத்திலிருந்து நழுவிவிடும்.

1882ஆம் ஆண்டின் சொற்சித்திரம்

முகத்தைப் பற்றிய விரிவான சான்று ஒன்று உண்டு. அடிகளின் தலைமாணவராகவும் திருவருட்பாவின் முதற்பதிப்பாசிரியராகவும் விளங்கியவர் தொழுவூர் வேலாயுத முதலியார். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப்பண்டிதராக இருந்தார். 1882இல் அவர் பிரம்மஞான சங்கத்தாருக்கு அளித்த வாக்குமூலம் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. அதில் தம் ஆசிரியரின் தோற்றத்தையும் விவரித்துள்ளார்.

அவ்விவரத்தின் சாரம் வருமாறு. அடிகள் நடுத்தர உயரத்தினும் சற்று மிக்கவர். எலும்புக்கூடு என்று சொல்லத்தக்க அளவுக்கு மெலிந்தவர். ஆயினும் வலிமை உடையவர், நிமிர்ந்து விரைந்து நடப்பவர். முகம் தெளிந்த மாநிறம். மூக்கு நேராகவும் மெல்லியதாகவும் இருந்தது. கண்கள் மிகப் பெரியவை, அனல் வீசுபவை. முகத்தில் எப்போதும் ஒரு துயரம் குடிகொண்டிருந்தது. இறுதிக் காலத்தில் தலைமயிரை நீள வளரவிட்டார். யோகியரிடம் அரிதாகக் காணப்படும் வழக்கமாகக் காலணி அணிந்தார். உடை இரண்டு வெண்துணிகளே. உணவு மிகக் குறைவு.

இச்சான்றை மதிப்பிடும்போது மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, இது அடிகள் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து சொல்லப்பட்டது. இரண்டாவது, வாக்குமூலத்தின் முதன்மை நோக்கம் தோற்றத்தை விவரிப்பது அன்று. தங்கள் இயக்கத்தின் வருகையை அடிகள் முன்னறிந்து கூறினார் என்பதில் கேட்பவர்களுக்கு ஆர்வம் இருந்தது. மூன்றாவது, தமிழ்ப்பண்டிதர் ஒருவரின் கூற்று ஆங்கில அச்சின் வழியாக நமக்குக் கிடைக்கிறது. ஆயினும் இவ்வெச்சரிக்கைகள் தோற்ற விவரத்தைப் பெரிதும் பாதிப்பதில்லை. மாணவர் ஆசிரியரைப் புகழும்போது பொதுவாக ஒளி, சாந்தம், அருள்நோக்கு என்னும் சொற்களையே நாடுவார். மெலிவு, துயரம், காலணி ஆகியவை புகழ்ச்சி மரபில் அடங்காத விவரங்கள். எவரும் புனைய வேண்டிய தேவை இல்லாதவை என்பதே அவற்றின் நம்பகத்தன்மைக்குத் துணை.

பரவலான படம் ஏற்றதும் விட்டதும்

இனி இச்சான்றுகளைப் பரவலாக வழங்கும் படத்தோடு ஒப்பிடலாம். அப்படத்தில் வெள்ளாடை தலையையும் தோளையும் மூடியிருக்கும். நின்ற கோலத்தில் கைகள் கட்டியிருக்கும், அல்லது அமர்ந்த கோலத்தில் அடிகள் தியானத்தில் இருப்பார். நெற்றியில் நீறு துலங்கும், தலைக்குப் பின் ஒளிவட்டம் சுடரும். முகம் பெரும்பாலும் இளமையும் நிறைவும் உடையதாக, கன்னம் ஒட்டாமல், நோக்கு அமைதியாக வரையப்பட்டிருக்கும். பல அச்சுப் படங்களில் மேனி வெளுத்தோ பொன்னிறமாகவோ தோன்றும்.

துணியையும் கைகளையும் பொறுத்தவரை இப்படம் அடிகளின் சொந்த வாக்கோடு ஒத்துச் செல்கிறது. முகத்தைப் பொறுத்தவரை 1882ஆம் ஆண்டுச் சான்றிலிருந்து விலகுகிறது. நீண்ட தலைமயிரை முக்காடு மறைத்துவிட்டது. காலணிக்கு மார்பளவுப் படத்தில் இடமில்லை. இவை சிறு விலகல்கள். ஆனால் மெலிவு, மாநிறம், அனல் வீசும் பெரிய கண்கள், நீங்காத துயரம் ஆகிய நான்கும் ஒருசேர மறைந்தது சிறு விலகலன்று.

இதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. வழிபாட்டுக்குரிய படம் பார்ப்பவருக்கு அமைதி தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மரணமிலாப் பெருவாழ்வை உரைத்தவரின் மேனி மெலிந்து காணப்படுவதை அன்பரின் மனம் ஏற்கத் தயங்கும். நாட்காட்டி அச்சுக்கலை வளர்த்த மென்மையான தோலும் ஒளிவட்டமும் எல்லாத் திருவுருவங்களுக்கும் பொதுவாயின.

ஆனால் இவ்விலகலால் இழந்தது என்ன? அடிகளின் பணியின் மையம் பசி. சென்னை மாகாணத்தை 1876–78இல் பெரும்பஞ்சம் தாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, வந்தோர்க்கெல்லாம் சாதி சமய வேறுபாடின்றி உணவிட ஒரு சாலையைத் திறந்தவர் அவர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் காக்கப்படுகிறது. சீவகாருண்யமே வழிபாடு என்று அவர் எழுதினார். பிறர் பசியைத் தம் உடலில் உணர்ந்ததாகத் திரும்பத் திரும்பப் பாடினார். மாணவர் கண்ட மெலிவும் துயரமும் அந்த உணர்வு முகத்தில் எழுதிய எழுத்துகள். அவை நீங்கிய முகம் அருளாளர் ஒருவரின் முகமாகவே இருக்கும். ஆனால் தருமச்சாலையை ஏன் திறந்தார் என்பதை அம்முகம் சொல்லாது.

வள்ளுவர், பாரதி, காந்தி: ஓர் ஒப்பீடு

அடிகளின் நிலையைத் தெளிவாகக் காண மூன்று உருவங்களோடு ஒப்பிடலாம். கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவர் படம் 1964இல் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது. வள்ளுவரைக் கண்டவர் கூற்று எதுவும் இல்லாமையால், அப்படம் குறளிலிருந்து ஓவியர் உய்த்துணர்ந்த கற்பனை. அதை எவரும் சாட்சியாகக் கொள்வதில்லை. பாரதியாருக்குச் சில ஒளிப்படங்கள் கிடைத்துள்ளன. தலைப்பாகையும் மீசையும் கொண்ட புகழ்பெற்ற ஓவியங்களை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

காந்தியின் நிலை மூன்றாம் வகை. அவருக்கு ஒளிப்படங்கள் எண்ணிறந்தன. கீரம்பூரில் பிறந்து சென்னை ஓவியக்கல்லூரியில் பயின்ற கே. எம். ஆதிமூலம் (1938–2008), காந்தி நூற்றாண்டையொட்டி 1969 காலப்பகுதியில் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களின் வரிசை ஒன்றை வரைந்தார். முகம் எல்லார்க்கும் தெரிந்திருந்ததால் ஒப்புமை காட்டும் சுமை கோட்டுக்கு இல்லை. சில கோடுகளிலேயே நடையையும் உறுதியையும் தனிமையையும் அவரால் காட்ட முடிந்தது.

இராமலிங்க அடிகள் இம்மூன்றிலும் அடங்காதவர். வள்ளுவரைப் போல அவரைக் கண்டோர் கூற்று இல்லாமல் போகவில்லை. பாரதியைப் போல ஒப்பிட்டுப் பார்க்கப் படமும் இல்லை. காந்தியைப் போல முகம் அனைவர்க்கும் தெரியும் என்று ஓவியர் உரிமை எடுத்துக்கொள்ளவும் இயலாது. அவருக்கு இருப்பது சொல்லால் ஆன ஓர் உருவப்படம். ஆகவே அவரை வரைவது சொல்லைக் கோடாகப் பெயர்க்கும் பணி. அப்பணிக்கு எந்த ஊடகம் பொருந்தும் என்னும் கேள்வி இங்கே எழுகிறது.

உலர் ஊடகம் தரும் வழி

நீரோ எண்ணெயோ கலவாமல், உலர்ந்த பொருளைத் தாளில் தேய்த்து வரைவதை உலர் ஊடகம் என்பர். எரித்த குச்சியின் கரி, காரீயக்கோல், கான்டே, பாஸ்டல், சுண்ணக்கட்டி ஆகியவை இதில் அடங்கும். இவற்றுள் கரி தமிழகத்துக்கும் அண்டை நாட்டுக்கும் புதியதன்று. காளத்திக் கலம்காரிக் கலைஞர் துணியில் முதற்கோட்டைப் புளியங்குச்சிக் கரியால் இடுவது இன்றும் காணத்தக்க வழக்கம். காரீயத்தோடு களிமண் கலந்து சுட்டு, கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல கோலை 1795இல் பிரான்சில் உருவாக்கியவர் நிக்கோலா ஜாக் கான்டே. நிறப்பொடியைச் சிறிது பசையுடன் குச்சியாக உருட்டுவதே பாஸ்டல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒளிப்படத்தை மங்கலாகப் பெரிதாக்கி, அதன்மேல் கரியாலும் பாஸ்டலாலும் முகத்தை முடித்துத் தரும் தொழிலும் பல நாடுகளில் பரவியிருந்தது. உலர் ஊடகமும் உருவப்படமும் அன்று முதலே நெருங்கிய உறவுடையவை.

இவ்வூடகங்களைக் கலந்து ஆள்வதில் மூன்று இயல்புகள் அடிகளின் படத்துக்குக் குறிப்பாகப் பொருந்துகின்றன.

முதலாவது, திருத்தத்தின் தடம். கரி தாளின் சொரசொரப்பில் தங்கும் தூள். துணியால் தட்டினால் உதிரும், ஆனால் முழுதும் நீங்காது. முதலில் இட்ட கோடு சாம்பல் நிழலாகத் தங்கியிருக்க, அதன்மேல் அடுத்த கோடு விழும். ஓவியர் தேடிய வழி பார்ப்பவருக்குத் தெரியும். இப்படித்தான் இருந்தார் என்று அடித்துக் கூறாமல், கிடைத்த சொற்களிலிருந்து இம்முகத்தை அணுகுகிறேன் என்று கூறும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் அரிது. வழவழப்பான அச்சுப்படம் மறைக்கும் ஐயத்தைக் கரி மறைக்காமல் வைக்கிறது.

இரண்டாவது, கடினமும் மென்மையும் ஒரே தாளில் அமைவது. மெல்லிய நேர்மூக்கைக் கூரிய காரீயக்கோல் காட்டும். ஒட்டிய கன்னத்தின் பள்ளத்தை விரலால் பரப்பிய கரி காட்டும். பெரிய கண்ணின் கருமைக்கு அழுத்தமான கான்டே தேவை. மெலிவையும் வலிமையையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்ன மாணவரின் விவரத்தைத் தாளில் கொணர ஒரே கருவி போதாது.

மூன்றாவது, தாளின் நிறம். அடிகளின் படத்தில் இதுவே தலையாயது. வெண்தாளில் வரையும் ஓவியர் துணிக்குரிய இடத்தைத் தொடாமல் விட்டுவிடலாம். அப்போது துணி வெறும் தாளாகவும் முகம் மட்டும் வரையப்பட்டதாகவும் அமையும். எட்டு முறை தகட்டில் விழுந்தது துணி. இங்கே ஓவியர் கை படாத இடம் அதுவே. மாநிறத் தாளை எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழாகும். கறுப்பு, செம்மை, வெண்மை என்னும் மூன்று குச்சிகளால் நிறத்தாளில் வரையும் முறை 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் வாத்தோவின் கோட்டோவியங்களால் புகழ்பெற்றது. அம்முறையில் தாளின் நிறமே தோலின் நிறமாகும். ஓவியர் நிழலைக் கரியாலும், வெண்துகிலைச் சுண்ணக்கட்டியாலும் அதன்மேல் சேர்ப்பார். முகம் முன்பே அங்கிருந்தது, துணி பின்னர் வந்து போர்த்தியது என்னும் வரிசை தாளிலேயே அமைந்துவிடும். அடிகள் பாடலில் சொன்ன வரிசையும் அதுவே. முதலில் அஞ்சும் உடல், பிறகு அதை மறைக்கும் துகில். மேனியை வெளுப்பாக்கும் அச்சுப்பட வழக்கத்தையும் இத்தாள் இயல்பாகவே தவிர்க்கிறது.

உலர் ஊடகத்துக்கு ஒரு குறையும் உண்டு. நிலைப்படுத்தும் திரவம் தெளித்தாலும் தூள் உதிரக்கூடும். ஈரக்காற்று தாளைப் பழுப்பாக்கும். கண்ணாடி இட்டு, தாள் கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட்டுச் சட்டமிட்டாலன்றிக் கடலூர் போன்ற கடற்கரை ஊரில் அது நெடுநாள் நில்லாது. நாட்காட்டிப் படத்தைப் போல இல்லந்தோறும் செல்வது இதன் வேலையன்று. சான்றை மீண்டும் வாசிக்கத் தூண்டுவதே இதன் வேலை.

உருவம் வேண்டுமா என்னும் மறுப்பு

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். உருவ வழிபாட்டைக் கடந்து சோதியை முன்நிறுத்தியவருக்கு உருவப்படம் எதற்கு? சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் பொன் வில்வமாலை தொங்கும் வெளியே இரகசியமாகக் காட்டப்படுகிறது. கைக்குழந்தையாகச் சிதம்பரத்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட இராமலிங்கர் அத்திரை விலகியபோது சிரித்தார் என்பது மரபு. வடலூர் ஞானசபையில் ஏழு நிறத் திரைகள் விலகியபின் காண்பது சோதி. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிப் பேருபதேசம் செய்த அடிகள், பின்னர் தம் அறையிலிருந்த விளக்கை வெளியே வைத்து அதையே வழிபடச் சொன்னார். மண்ணுருவத்தை உடைத்த செய்தியும் இதே திசையைக் காட்டுகிறது.

மறுப்பு வலிமையுடையது. ஆனால் அது வழிபாட்டு உருவத்துக்கு எதிரானது. வரலாற்று உருவத்தை அது தடுப்பதில்லை. இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்ததே இன்றைய படத்தின் நிலை. அடிகளின் மறுப்புக்குப் பின்னும் படம் தோன்றிவிட்டது, கோடிக்கணக்கில் அச்சாகிவிட்டது, பூவும் விளக்கும் பெறுகிறது. அந்தப் படம் துயரம் நீங்கிய முகத்தை நிலைநிறுத்தியிருக்கும்போது, உருவமே வேண்டாம் என்று சொல்லி ஒதுங்குவது அம்முகத்தையே எதிர்ப்பின்றி விட்டுவைப்பதாகும். வழிபடுவதற்கென்று அன்றி, படித்துப் பார்ப்பதற்கென்று வரையப்படும் கோட்டோவியம் அடிகளின் கொள்கைக்கு முரணாகாது. தூளாக உதிரக்கூடிய, தன் ஐயங்களை மறைக்காத ஒரு படத்தைத் தெய்வ உருவமாகக் கொள்வதும் எளிதன்று.

முடிவுரை

இராமலிங்க அடிகளின் உருவத்துக்கு மூன்று சான்றுகள் உள்ளன. அவருடைய பாடல் கட்டிய கைகளையும் வெண்துகிலையும், அவை தோன்றிய அச்சத்தையும் சொல்கிறது. ஒளிப்படச் செய்தி துணி பதிந்ததையும் முகம் பதியாததையும் சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் வாக்குமூலம் முகத்தைச் சொல்கிறது. பரவலான படம் முதல் இரண்டையும் ஏற்று மூன்றாவதை விட்டுவிட்டது. துணி அடையாளமாக உறைந்ததால், அதனுள் எம்முகத்தை வைத்தாலும் அது அடிகளாகவே அறியப்படும் நிலை உருவாயிற்று. சிதம்பரக் கோபுரத்துச் சிற்பியை அளவுகோல் அடையாளம் காட்டியதுபோல, இங்கே முக்காடு அடையாளம் காட்டுகிறது.

விடுபட்ட சான்றைத் தாளில் சேர்ப்பது இயலும். மாநிறத் தாள், கரி, கான்டே, சிறிது வெண்சுண்ணம் ஆகியவை அதற்குப் போதும். அவ்வாறு வரையப்படும் முகமும் உண்மையான முகம் என்று உறுதிகூற இயலாது. ஆனால் அவரை நெடுநாள் அருகிருந்து கண்ட ஒருவர் சொன்னதோடு அது ஒத்திருக்கும். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளின் உருவப்படப் பயிற்சியில் இத்தகைய சொற்சான்றுகளைப் பாடமாக வைப்பது, ஒளிப்படத்தைப் பெயர்த்தெழுதும் பழக்கத்துக்கு நல்ல மாற்றாகும். வடலூர் அணையா அடுப்பின் அருகே பந்தியில் அமர்பவர்கள், தங்களுக்குச் சோறிடச் சொன்னவரும் மெலிந்த உடலும் துயரம் நீங்காத முகமும் உடையவராக இருந்தார் என்பதை அறிவது, அச்சாலையின் வரலாற்றை அறிவதின் ஒரு பகுதியே.